எல்லோருக்கும் ஒரே நம்பர்

குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தெருவில் கிடக்கும் நிஜக் குப்பையைச் சொன்னால்கூட அப்படித்தான். காலையில் என் கணவர் "குப்பை வண்டி வந்துடுச்சு" என்று சொன்னதற்கு அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைப்பதென்றால் என் வேலை என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். எதிர்வீட்டு அம்மா மாதம் ஒருமுறையாவது கேட்பார்: "நாளெல்லாம் அந்தப் பொட்டி முன்னாடி குந்திக்கினு இன்னாதான்மா பண்ற?" ஒரு கம்பெனி தன்னிடம் இருக்கும் ஜனங்களின் விவரங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் கோட்டைவிடுகிறது. பெயர், முகவரி, ஆதார், போட்டோ, போன் நம்பர் எல்லாம் திருடுபோகிறது. திருடியவன் அதை இணையத்தில் விற்கிறான், விலைபோகாவிட்டால் சும்மா கொட்டிவிட்டுப் போகிறான். அப்படிக் கொட்டியதை எடுத்துவந்து, இது யாருடையது, எவ்வளவு உண்மை, எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. பார்த்துச் சொன்னபிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டியது கோட்டைவிட்ட கம்பெனியின் பொறுப்பு. எதிர்வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ போலீசு மாதிரி" என்றார். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையைக் கையால் செய்ய முடியாது. அதற்கென்று ஒரு மென்பொருள் கட்டமைப்பு இருக்கிறது. மிக்ஸியை நினைத்துக்கொண்டால் போதும். கீழே ஒரே மோட்டார், மேலே மாற்றி மாற்றிப் போடும் ஜாடிகள். ஜாடிக்கு எங்கள் பாஷையில் மாட்யூல். எக்செல் கோப்பை உடைக்க ஒரு மாட்யூல், படங்களைப் பார்க்க ஒன்று, போலியைக் கழிக்க ஒன்று, ஆட்களை எண்ண ஒன்று. இப்படிக் கொட்டிய திருட்டுச் சரக்குக்கு லீக் என்று பெயர். புதிது புதிதாக லீக் வர வர, புதிது புதிதாக மாட்யூல் எழுதிச் சேர்க்க வேண்டும். இருப்பவற்றைப் பராமரிக்கவும் வேண்டும். வேலையை விட்டுப் போனவர்கள் எழுதிவைத்த மாட்யூல்கள் அதில் நிறைய. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். என் மொத்த நாளும் இதில்தான் போகிறது. எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போலியைக் கழிக்கும் மாட்யூலைப் பற்றித்தான் பேச வேண்டும். நான் வருவதற்கு முன்பே அது இருந்தது. அதை எழுதியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சரக்கு ஜாஸ்தி என்று காட்டுவதற்காகத் திருடர்களே பொய்யான ஆட்களை உருவாக்கிக் கலப்பார்கள். கம்பெனிக்காரர்களும் சோதனைக்கென்று போட்ட கற்பனைப் பெயர்களை அழிக்காமல் விட்டிருப்பார்கள். இவற்றையெல்லாம் பிடித்து ஒதுக்குவதுதான் அந்த மாட்யூலின் வேலை. ஒதுக்கியவற்றை அது ஒரு தனி மூலையில் போட்டுவைக்கும். அந்த மூலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் குப்பை. யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

இனி என் சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை கள்ளக்குறிச்சி விடுதியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள். கல்வராயன் மலைக்காரி. படிப்பு முடிந்ததும் மலைக்கே திரும்பிப்போய், வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக்கடை வைத்தாள். சரக்கு எடுக்க வாரத்தில் ஒருநாள், சந்தை நாளன்று, இறங்கி வருவாள். மூட்டைகளை பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அந்த ஊரில் செல்போன் சிக்னல் ஒழுங்காக எடுப்பது அவள் கடை வாசலில் மட்டும்தான். அதனால் அவள் போன் ஊருக்கே போன். வெளியூரில் வேலை பார்க்கும் பெண்கள் அவள் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். அவள் வாசலில் நின்று சரிவைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவருவாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் என்று எங்கே நம்பர் கேட்டாலும் ஊரே கடை நம்பரைத்தான் சொல்லும். கேட்டால் "எங்க நம்பர்" என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

ஒருமுறை அவள் வந்தபோது உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டாள். நான் விடாமல் கேட்டபிறகுதான் சொன்னாள்.

"எவன் எவனோ போன் பண்றான்டி. எங்கூருப் பொண்ணுங்க பேரச் சொல்லிக் கேக்கறான். அது இருக்கா, இது இருக்கான்னு. ஒருத்தன் மில்லுல இருந்து பேசறேன்றான், மெசேஜில ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுன்றான். இன்னொருத்தன் பேசறத வாயால சொல்ல முடியாது."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் உள்ளே எண்ணெய் அளந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் போன் அடிக்க, வெளியே நின்றிருந்த ஒருவர் எடுத்துவிட்டார். அவருடைய பெண் மேற்கே ஒரு துணி மில்லில் வேலை செய்கிறது. போனில் பேசியவன் அந்தப் பெண்ணைத்தான் கேட்டிருக்கிறான். போட்டோ என்னிடம் இருக்கிறது, மஞ்சள் சுடிதார், பின்னால் சோப்பு விளம்பரம் எழுதின நீலச் சுவர், நேரில் எப்படி இருப்பாள் என்று கேட்டிருக்கிறான். நீலச் சுவர் என் சிநேகிதியின் கடைச் சுவர். அவர் போனை வைத்துவிட்டு அந்தச் சுவரையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

உன் நம்பர், உன் சுவர், அப்புறம் யார் கொடுத்திருப்பார்கள் என்று ஊர் கேட்டது. மில்லுக்கு ஆள் சேர்க்க வந்த கம்பெனிக்காரன் அவள் கடை வாசலில் மேசை போட்டுப் பெண்களின் விவரத்தை எழுதிக்கொண்டதும், சுவரோரம் நிற்கவைத்து ஒவ்வொருவராகப் படம் பிடித்ததும் எல்லோரும் பார்த்ததுதான். அவனுக்கு அவள் டீ போட்டுக்கொடுத்ததையும் பார்த்திருக்கிறார்கள். அந்த டீ இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. பொண்ணுங்களை விற்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அந்த அப்பா மில்லுக்குப் போய்த் தன் பெண்ணைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். ஊர்க்காரர்கள் தீப்பெட்டிக்குக்கூட அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

"நீ கம்ப்யூட்டர்ல இருக்கற இல்ல, இன்னான்னு பாரேன்" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்கு அப்போது தெரியாது.

சில வாரங்களில் அதுவே என்னைத் தேடி வந்தது. மில்களுக்குப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு கம்பெனியின் விவரங்கள் மொத்தமாகத் திருடுபோய், அந்தக் கம்பெனியே எங்களிடம் வந்தது. கோப்புகள் கோணல்மாணலாக இருந்ததால் அதற்கென்று ஒரு மாட்யூல் எழுதும் வேலை எனக்கு வந்தது. புது மாட்யூல் எழுதினால் குப்பை மூலையை ஒருமுறை கிளறிப்பார்ப்பது என் வழக்கம். நம் தப்பால் நல்லது எதுவும் அங்கே விழுந்திருக்கக் கூடாது என்பதற்காக. அங்கே அந்த நம்பர் இருந்தது. வரிக்கு வரி அதே நம்பர். அது எனக்கு மனப்பாடம், என் அம்மா நம்பரைவிட நன்றாகத் தெரியும். படங்களைத் திறந்தேன். நீலச் சுவர், சோப்பு விளம்பரம், முன்னால் விறைப்பாக நிற்கும் பெண்கள்.

காரணம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஒரே போன் நம்பர். ஒரே பிறந்த தேதி. வீட்டு எண் இல்லை. படங்களில் ஒரே பின்னணி. ஆகவே சோதனைக்காக உருவாக்கிய கற்பனை ஆட்கள், எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். அந்தப் பெண்களைத் திருடன்கூட ஆட்களாக மதித்திருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். எங்கள் மென்பொருள்தான் அவர்கள் உலகத்திலேயே இல்லை என்று சொன்னது.

டீம் லீடரைக் கூப்பிட்டேன். சென்னைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசுவார். அன்றைக்கு அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மேடம், ரியல் டேட்டா இப்படி இருக்காதே" என்றார். "இத்தனை பேருக்கு ஒரே டேட் ஆஃப் பர்த் எப்படி வரும்?"

"ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. ஜூன் மாசம் அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்னு எல்லாருக்கும் மே மாசத்துல ஒரே தேதியப் போட்டுடுவார். என் சர்டிபிகேட்லயும் அப்படித்தான். என்னையும் குப்பையில போட்டுடுவீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போன் நம்பர்?"

"ஊர்ல சிக்னல் எடுக்கிறது ஒரே இடத்துல. அங்க இருக்கிற போன் அது. அந்தச் சுவர்ல சாஞ்சு நான் டீ குடிச்சிருக்கேன்."

"ரூல்னா ரூல்தான் மேடம். ஒரு ஊருக்காக மாத்த முடியாது. வேணும்னா தனி மாட்யூலா எழுதிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

எழுதினேன். ஒரே நம்பர் பலபேருக்கு இருந்தால் உடனே தூக்கி எறியாதே, பெயர்களைப் பார், அப்பா பெயர்களைப் பார், கையெழுத்துகளும் முகங்களும் வேறுவேறாக இருக்கிறதா பார், இருந்தால் அவர்கள் ஆட்கள் என்று எண்ணு. சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. பழைய மாட்யூல்களோடு அதைப் பொருத்துவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. எண்ணும் மாட்யூல் போன் நம்பரைத்தான் ஆளுக்கு அடையாளமாக வைத்திருந்தது. என் மாட்யூல் பத்துப் பேரைக் காப்பாற்றி அனுப்பினால், அது மறுபடியும் அவர்களை அமுக்கி ஒரே ஆளாக்கிவிடும். அதையும் மாற்றினேன். அதை மாற்றியதில் அறிக்கை எழுதும் மாட்யூல் படுத்துக்கொண்டது, அதையும் எழுப்பினேன். சாப்பாடு, தூக்கம் எதிலும் மனசு போகவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருப்பதால் சிநேகிதியிடமும் வாய் திறக்கவில்லை. அறிக்கை சரியாகப் போனால் போதும், அந்தக் கம்பெனி ஊருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், திருடுபோனது எங்களிடமிருந்துதான் என்று அவர்கள் வாயாலேயே சொல்லியாக வேண்டும், அவள் பழி தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

மாட்யூலை ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் இதில் பெரிய வேடிக்கை. வாராந்திர வீடியோ கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திரையில் போட்டுக்காட்டினார்கள். மேலதிகாரி ஒருவர், கிராமப்புற டேட்டாவுக்கு இது ரொம்ப உபயோகம் என்றார். திரையில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. கூட்டம் முடிந்ததும் டீம் லீடரிடம், அப்படியானால் அறிக்கையை மறுபடி ஓட்டலாமா என்று கேட்டேன்.

"அந்த ரிப்போர்ட் பழைய ரூல்லயே போய் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். கிளையன்ட் ஏத்துக்கிட்டாங்க. இது அடுத்த வெர்ஷன்ல இருந்துதான்."

"அதுல ஆளுங்க விட்டுப்போயிருக்காங்க."

"நானும் சொல்லிப்பார்த்தேன். எண்ணிக்கை கம்மியா இருக்கிறதுல அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, திறக்க வேண்டாம்னுட்டாங்க."

அவர் சொல்லிப்பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். கெட்டவர் இல்லை. அதனாலேயே யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என் ஆத்திரம் எனக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது. அடுத்த லீக்கில் மாட்டும் யாரோ முகம் தெரியாதவர்கள் ஆட்களாக எண்ணப்படுவார்கள். யாருக்காக எழுதினேனோ அவர்கள் மட்டும் குப்பையாகவே இருப்பார்கள். இதற்குக் கைதட்டல் வேறு.

அடுத்த சந்தை நாளில் சிநேகிதி வரவில்லை. போன் செய்தால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைவுகளில் முக்கி முனகி ஏறும்வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டே போனேன். ஒப்பந்தமாவது ஒன்றாவது. வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

கடை திறந்திருந்தது, சாமான் வாங்க ஆள் இல்லை. சோப்பு விளம்பரம் இருந்த சுவரை அவள் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருந்தாள். கீழே நீலம் இன்னும் லேசாகத் தெரிந்தது. போனைக் கேட்டேன். சிம்மை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இப்போது ஊருக்கே போன் இல்லை.

"அதுக்கும் என்னைத்தான் திட்டிக்கினு இருக்காங்க" என்றாள்.

எதிரே சாலையோரம் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரிக்காகப் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பெண்ணைத் திரும்பக் கூட்டிவந்த அந்த அப்பாவும் அதில் இருந்தார். சிநேகிதி ஜாடையாகக் காட்டினாள். நான் நேரே அவர்கள் நடுவில் போய் நின்றேன். அவள் பின்னாலிருந்து "வாணாம்டி" என்றாள்.

"இவமேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். மில்லுக்கு ஆள் சேர்த்த கம்பெனியிலிருந்து எல்லாம் திருடுபோய்விட்டது, பேர், போட்டோ, நம்பர் எல்லாம் அங்கிருந்துதான் வெளியே போனது, இவளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தக் கம்பெனிக்காரன்தான் வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் அமுக்கிவிட்டான் என்றேன். குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. நம்பாவிட்டால் சொல்கிறேன் என்று, அந்த அப்பாவைப் பார்த்து அவர் பெண்ணின் பெயரைச் சொன்னேன். போட்டோவில் அது நின்ற நிலையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் பெயரைக் கேட்டு, அவர் பெண்ணின் பெயரையும் சொன்னேன். எல்லாம் அந்தக் கம்பெனிக் கோப்பில் இருந்தது என்றேன்.

அந்த அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏம்மா, எம் பொண்ணு உன்னைப் பாத்ததே இல்ல. அது பேரும் போட்டோவும் உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

சொன்னேன். என் வேலை அது, திருடுபோனதை எடுத்துவந்து பார்ப்போம், யாருக்குப் பாதிப்பு என்று சொல்வதற்காக என்றேன். மலைக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை.

"அப்போ இப்பவும் உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அழிச்சுடு."

அழிக்க எனக்கு அனுமதி இல்லை, அது அந்தக் கம்பெனியின் சொத்து, அவர்கள் சொல்லும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் என்றேன். கேட்பதற்கே அசிங்கமாக இருந்தது. அதனால் வேறு மாதிரி சொன்னேன். நான் அழித்தாலும் பிரயோஜனம் இல்லீங்க, திருடன்கிட்ட இருக்கிறது இருக்கத்தான் செய்யும் என்றேன்.

"திருடன நான் பாக்கலம்மா" என்றார். "உன்னைப் பாக்கறேன். உங்கிட்ட கேக்கறேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் மட்டும்தான் அதுவரை கத்திக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிக் கடைக்குப் போனார். கால் கிலோ சர்க்கரை கேட்டார். என் சிநேகிதி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், பிறகு தராசை எடுத்தாள். அவருக்குப் பின்னால் இன்னொருவர் போய் நின்றார். அதற்குப் பின்னால் ஒரு அம்மா. பழிபோட ஊருக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது, அது அவள் இல்லை.

பஸ் வரும்வரை அவர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. சிநேகிதி மட்டும் வாசலுக்கு வந்து டீ டம்ளரைக் கையில் கொடுத்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "அவரு கேக்கறது நாயம்தானடி" என்றாள். ஏறும்போது, "நான் வர்ற வரைக்கும் நீ இங்க வராத" என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தக் கோப்பை அழிக்க எனக்கு ஒரு கட்டளை போதும். இரண்டுமுறை அடித்துவிட்டு, என்டர் தட்டாமல் விட்டிருக்கிறேன். அழித்தால் அந்தப் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு என்னிடமிருக்கும் ஒரே அத்தாட்சியும் போய்விடும், அந்த அறிக்கையை யாராலும் திறக்கவைக்க முடியாது. வைத்திருந்தால், முன்பின் தெரியாத ஒருத்தியின் கம்ப்யூட்டரில் அவர் பெண்ணின் போட்டோ இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை டீம் லீடருக்கு அந்த அறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். பார்க்கலாம் மேடம் என்று மரியாதையாகப் பதில் வருகிறது. நீலச் சுவருக்கு முன்னால் அந்தப் பெண்கள் இன்னமும் என்னிடம்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.